தவறாத மாத்திரை

விடியலுக்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக்கொள்கிறது. கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களின் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்கு ஏறுகின்றன. மாலையில்தான் அவர்கள் வீடு திரும்புவர். காலை எட்டு மணிக்கு மாத்திரை உட்கொள்ளுமாறு கூறும் அறிவுரை, அந்நேரத்தில் பலர் நடுவே வேலை செய்பவருக்கு எவ்வாறு பயன்படும்? எச்.ஐ.வி. சிகிச்சை அளிப்போர்க்கான பயிற்சி இத்தகைய வினாக்களுக்கும் விடை தேட வேண்டும்.

இந்தியாவில் இத்தொற்று 1986ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அன்று இதற்கு மருந்தில்லை. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு கூட்டு மருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியது. முதல் மையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. மருந்து வந்தபின், அதை முறையறிந்து அளிப்போர் ஊர்தோறும் தேவைப்பட்டனர்.

பயிற்சி முதலில் போக்குவது பணியாளரின் அச்சத்தையே. தொடுதலாலும் உடனுண்பதாலும் இத்தொற்று பரவாது. பயன்படுத்திய ஊசி தவறிக் குத்தினால், 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். தேனி மாவட்டம் ஆண்டிபட்டியிலுள்ள ஆரோக்கிய அகம், தொழுநோய், காசநோய்ப் பணிகளைத் தொடர்ந்து எச்.ஐ.வி. பராமரிப்பிலும் ஈடுபட்டது. ஒதுக்கப்பட்டோரைத் தொட்டுப் பழகிய கைகளுக்குப் புதிய நோய் அயலன்று.

கைகளைப் பழக்குவதினும் அரியது நாவைப் பழக்குவது. மாத்திரை அடிக்கடி விடுபட்டால் நோய்க்கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று நம்பிக்கை மையத்தின் ஆற்றுநர் கேட்டால், மரியாதை கருதியேனும் 'ஆம்' என்ற விடையே வரும். "வேலைக்குப் போகும் நாள்களில் மாத்திரை விட்டுப்போவது எல்லார்க்கும் நேர்வதுதான். போன வாரம் எத்தனை விட்டுப்போயின?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும். அதன்பின் இரவு உணவு வேளைக்கு மாற்றலாமா என இருவரும் கூடி முடிவு செய்யலாம். மருத்துவரின் இசைவும் வேண்டும். இலக்கணத்தில் மட்டுமன்று, இங்கும் மாத்திரை என்பது கால அளவோடு பிணைந்ததே.

ஒருவரின் நோய்நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால், உறவும் அண்டையும் நெருங்கி வாழும் ஊர்களில் ஒரு புன்னகைகூட மறையை வெளிப்படுத்திவிடும். கம்பம் பேருந்து நிலையத்தில் நோயாளரை எதிர்ப்பட்டால், அவர் தாமாகப் பேசாதவரை நலம் வினவாது கடந்து செல்லவும் பணியாளர் கற்க வேண்டும். கண்டதும் நலம் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு அஃது எளிதன்று.