சுவரின் வெற்றிடத்தை நிரப்ப நினைக்கும் தம்பிக்கு



கம்மாபுரத்தில் நீ கட்ட எடுத்திருக்கும் வீட்டின் எலிப்பொறிக் கட்டுச் சுவருக்குள், கோடைக்கு இதமாக இருக்குமென்று உமியைக் கொட்டி நிரப்பச் சொல்லி வீட்டுக்காரர் வற்புறுத்துவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டும் இந்த முறையை நம் நாட்டில் பரப்பியவர் லாரி பேக்கர். கால் பங்கு செங்கல் மிச்சமாவது அதன் ஒரு லாபம். உள்ளே அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தைத் தணிப்பதும், வெளிப்புறக் கல் குடித்த மழைநீர் உட்புறக் கல்லுக்கு எளிதில் தாவாமல் அந்த இடைவெளி காப்பதும் அதனினும் பெரிய லாபங்கள்.

அந்த இடைவெளியை நிரப்பினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குளிருக்குப் பயந்து, இரட்டைச் சுவர்களின் இடைவெளியில் இயந்திரத்தால் கனிமப் பஞ்சை ஊதி நிரப்பினார்கள். சாரல் ஓங்கி அடிக்கும் மேற்குப் பகுதிகளில், விரிசல் கண்ட சுவர் வழியே புகுந்த நீரை அந்தப் பஞ்சே உள்ளே கடத்த, சுவர் ஓதம் கண்டு, பூசணம் பிடித்து, நிரப்பியதையெல்லாம் திரும்ப உறிஞ்சியெடுக்கும் உபத்திரவம் பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையும், 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய ‘தானே’ போன்ற புயலும் அறியாததல்ல நம் கடலூர் ஜில்லா. இங்கே உமியோ நனைந்தால் எளிதில் உலராது. நாளடைவில் கீழே படிந்து மேற்பகுதியைக் காலியாக விட்டுவிடும். எலிக்கும் அடைக்கலமாகும்.

நிரப்பாமலிருந்தால் மட்டும் போதாது, தம்பி. கலவை விரிக்கும்போது வெற்றிடத்தின் மேல் 3 அங்குல அகலப் பலகையை வைத்துக்கொள். கரணையிலிருந்து சிந்தும் கலவை உள்ளே விழுந்து குவிந்தால், அதுவே ஈரத்துக்குப் பாலமாகிவிடும். அஸ்திவார மட்டத்திலும் ஜன்னலுக்கு மேலும் கீழும் வரும் வரிகளை வெற்றிடமின்றிக் கெட்டியாகக் கட்டு. வெளிப்புறச் சந்துகளில் ஒன்றுகூட வாய் பிளந்திராதபடி பார்த்துக்கொள்.

ஓரடுக்கு வீட்டுக்கு வெப்பம் பிரதானமாகக் கூரை வழியாகவே இறங்குகிறது. ஆகையால் உமிக்கு ஆகும் செலவைத் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் திருப்பும்படி வீட்டுக்காரரிடம் விநயமாக எடுத்துச் சொல். கேட்டதையெல்லாம் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவது சுலபம். காரணம் சொல்லி மறுக்கத் தெரிந்த கொத்தனாரையே ஊர் நம்பும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்