பிள்ளை பிறந்தது, சீனி போய்விட்டதா?



வயிற்றில் பிள்ளை இருந்தபோது இரத்தத்தில் சீனி கூடியிருந்த தாய்மாரை லயத்துக்குப் போய்ப் பார்க்கும்போது, நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிள்ள பொறந்திருச்சி, சீனியும் போயிருச்சி. இனி எதுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும்?" நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலே இந்த இதழின் பாடம்.

சீனி ஏன் வந்தது, ஏன் போனது?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சீனியை உடம்புக்குள் சேர்ப்பது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடியில் சுரக்கும் சில பொருட்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அப்போது கணையம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அது முடியாதபோது சீனி கூடுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு.

பிள்ளை பிறந்து நச்சுக்கொடி வெளியேறியதும் அநேகமானவர்களுக்குச் சீனி இறங்கிவிடும். கூடை நிறையக் கொழுந்தோடு மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறவருக்கு, மடுவத்தில் கூடையை இறக்கியதும் மூச்சு சீராகிறது. பாரம் இறங்கியதே தவிர, பலம் கூடவில்லை. கணையத்தின் கதையும் அதுதான்.

கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, அது வராத தாயைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் நகர வைத்தியசாலைகளில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் நீரிழிவு இல்லை என்று தெரிந்த 1,600க்கும் மேற்பட்ட தாய்மார் அதில் பங்குபற்றினார்கள். ஏறத்தாழ 14 மாதத்தில் நாலில் ஒருவருக்குச் சீனி நிலை மோசமாகியிருந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே, "நான் கவனமாத்தான் சாப்பிடுறேன்" என்று சொல்லிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ஆறாம் கிழமைப் பரிசோதனை

பிரசவம் முடிந்து 6 முதல் 12 கிழமைக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 8 மணித்தியாலமாவது எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். வெறுந்தண்ணீர் குடிக்கலாம். முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, 2 மணித்தியாலம் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது 2 மணித்தியாலத்துக்குப் பின் 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு. வைத்தியர் உறுதிப்படுத்தி மருந்து தொடங்குவார். 2 மணித்தியால அளவு 140 முதல் 199 வரை என்றால் எச்சரிக்கை நிலை. அதற்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் வருடாவருடம் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற கவலை எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் சட்டப்படி பிரசவ லீவு 12 கிழமை. அதில் 10 கிழமை பிரசவத்துக்குப் பின்னால் வருகிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் இதே கணக்குத்தான். ஆறாம் கிழமை அந்த லீவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அப்போதே போனால் ஒரு பேரும் போகாது.

மடுல்சீமை, லுணுகலைப் பக்கமிருந்து கைப்பிள்ளையோடும் வெறும் வயிற்றோடும் பதுளைக்கு பஸ் ஏறுவது லேசான காரியமல்ல. முதலில் உங்கள் மிட்வைஃப் அம்மாவிடம், கிட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நாளில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். இரத்தம் எடுத்து முடிந்ததும் சாப்பிட ரொட்டி கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்ப காலக் கார்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை

மூத்திரத்தில் எறும்பு மொய்க்கிறதா, தாகம் எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் இல்லாமலே நீரிழிவு இருக்கலாம். தெரியாமல் விட்டால் கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றையும் அது தொடும். கொழுந்து எடுக்கிறவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்தால் அட்டைக்கடியும் முள்ளுக்குத்தும்கூடப் பெரிய புண்ணாகிவிடும்.

மறக்காமலிருக்க ஒரு வழி சொல்கிறோம். பிள்ளை பிறந்த மாதமே தாய் சீனி பார்க்கும் மாதம்.

அடுத்த பிள்ளைக்கு முன்

ஒரு கர்ப்பத்தில் வந்த சீனி அடுத்த கர்ப்பத்திலும் வர நிறைய வாய்ப்பு உண்டு. கருவின் இதயமும் முதுகெலும்பும் முதல் 8 கிழமைக்குள் உருவாகின்றன. அந்த நேரத்தில் சீனி கூடியிருந்தால் கரு சிதையலாம், பிள்ளைக்குப் பிறவிக் குறை வரலாம். "குளிக்கலையே" என்று நினைத்துக் கிளினிக்குக்கு வரும்போது அந்தக் காலம் பாதி கடந்திருக்கும். ஆகவே:

1. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் குறைந்தது 2 வருட இடைவெளி விடுங்கள். அதுவரை லூப், ஊசி, குளிசை என்று எது பொருத்தம் என மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள்.
2. பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்ததும், கருத்தரிக்கும் முன்பே சீனி பாருங்கள்.
3. ஃபோலிக் அமிலக் குளிசையை முன்கூட்டியே தொடங்குங்கள்.
4. நாள் தள்ளிப்போனால் உடனே பதிவு செய்து, "போன தடவை எனக்குச் சீனி இருந்தது" என்று நீங்களே சொல்லுங்கள்.

லயத்துச் சமையலில்

"நாங்க நாளெல்லாம் மலை ஏறி இறங்குறோமே, எங்களுக்குச் சீனி வருமா?" என்பார்கள். வரும். நாளைக்கு 6 கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு 2 கரண்டி சீனி என்றால் 12 கரண்டி, அதாவது ஏறத்தாழ 50 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெதுவாகப் பாதியாக்குங்கள். பத்திய மருந்தில் போடும் கருப்பட்டியும் சீனிதான்.

கோதுமை மா ரொட்டியைக் குறைத்து, கூடவே பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை என்று ஏதாவது சேருங்கள். தாய்ப்பால் கொடுங்கள், பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கு நீரிழிவு வருவதையும் அது குறைக்கிறது. எச்சரிக்கை நிலையில் இருந்த தாய்மாரை அமெரிக்காவில் 10 வருடம் கவனித்ததில், எடையைக் குறைத்து ஒழுங்காக நடந்தவர்களுக்கு நீரிழிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விடாமல் செய்தால் பலன் உண்டு.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் பிள்ளை மேல்தான். ஊசி போடும் நாள், எடை பார்க்கும் நாள் எல்லாம் நினைவிருக்கும். தாயின் நாள் மட்டும் மறந்துபோகும். வீட்டுக்காரர்களே, மாமியார்மாரே, அந்த நாளைக் கலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்குப் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்காம்பராவில் கூடும்போது பேசிப் பாருங்கள்:

1. பிரசவத்துக்குப் பின் எத்தனையாவது கிழமையில் சீனி பார்க்க வேண்டும்?
2. அடுத்த பிள்ளைக்கு முன்பே ஏன் பார்க்க வேண்டும்?
3. நம் லயத்தில் கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்கள் யார்? கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், அந்தத் தாயோடு நாளைக்கே பேசுங்கள்.