தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

குஷ்டரோகியைத் தொட்டாலே ரோகம் ஒட்டிக்கொள்ளும், அவர் அமர்ந்த திண்ணையில் அமர்ந்தாலும் வந்துவிடும், தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்குப் பிறவியிலேயே உண்டு, நாளடைவில் விரல்கள் தாமாக அழுகி உதிர்ந்துபோகும் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்தோம். இவற்றுள் ஒன்றேனும் மெய்யன்று. ஆயினும் இந்த நம்பிக்கைகள் விளைத்த துன்பம், அந்த ரோகம் விளைத்ததினும் பெரிது என்றே நான் கருதுகிறேன்.

தொழுநோய் தொற்றுநோய்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1873-இல் நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த அதன் கிருமி, சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கிலும் வாயிலுமிருந்து சிதறும் நுண்துளிகளின் வழியே, அவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழ்பவரைச் சென்றடைகிறது. கைகுலுக்குவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, பேருந்தில் பக்கத்தில் அமர்வதாலோ அது பரவுவதில்லை. அப்படிச் சென்றடைந்தாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருடைய சரீரம் இயல்பாகவே அதை எதிர்த்து நின்றுவிடுகிறது. எஞ்சியவரிடத்திலும் அது மிக மெதுவாகப் பெருகி, ஐந்து ஆண்டு கழித்தோ, சிலரிடம் இருபது ஆண்டு கழித்தோ வெளிப்படுவதால்தான், தந்தையோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பிள்ளைக்குத் தோன்றும்போது ஊரார் அதைப் பரம்பரை என்றும் பூர்வகர்மம் என்றும் சொல்லிவிட்டனர். சிகிச்சை தொடங்கியபின் நோயாளி பிறருக்குப் பரப்புவதில்லை. மருந்தோ அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் போதும். உடம்பில் வெளிறியோ சிவந்தோ உணர்ச்சியற்ற ஒரு தேமல் தோன்றினால், ஒளிக்காமல் வைத்தியரிடம் காட்டுவதே வீட்டார் அனைவருக்கும் பாதுகாப்பு.

விரல்கள் உதிர்வதைப்பற்றிய உண்மை நம் வேலூரிலிருந்தே வெளிப்பட்டது. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் காக்ரேன் என்னும் மருத்துவரைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றி, தம் கையை அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியின் வலிமை அவரை வேதனையில் ஆழ்த்திற்று. அழுத்தியவருக்கோ தாம் வலிக்கச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. தசை வலுவாக இருக்கிறது, உணர்ச்சிதான் போயிற்று என்பது அந்த ஒரு ஸ்பரிசத்தில் விளங்கிற்று. நரம்பு மரத்துப்போனவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் அறியார்; இரவில் உறங்கும்போது எலி கடித்தாலும் விழியார். இப்படி அறியாமல் படும் காயங்களாலேயே விரல்கள் சிதைகின்றன. எலிகளை விரட்டவே நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன என்று கேட்கும்போது மனம் கலங்குகிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

சட்டமும் நெடுங்காலம் ஊரார் நம்பிக்கையின் பக்கமே நின்றது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கொள்ளும் விதி 2019-இல்தான் நீக்கப்பட்டது.

சட்டம் மாறினாலும் மரத்த பாதத்துக்குக் காவல் வேண்டும். செருப்பில் மேலெழுந்து நிற்கும் சிறு ஆணியை நாமானால் இரண்டடி நடப்பதற்குள் அறிந்து கழற்றிவிடுவோம். பாதம் மரத்துப்போனவரோ அதன்மேலேயே நடந்து வீடு சேர்ந்து, இரத்தத்தைக் கண்டபின்பே அறிவார். ஆகவேதான் அவருக்கென்று செய்யும் செருப்பில் ஆணி அடியாமல், மெத்தென்ற ரப்பரைப் பசையால் ஒட்டுகிறார்கள். நாள்தோறும் உள்ளங்காலைச் சோதித்துப் பார்க்கவும் அவருக்குக் கற்பிக்கிறார்கள். கண் மங்கியவராயின், வீட்டிலுள்ள ஒருவர் அந்தப் பாதத்தைத் தம் கையில் ஏந்திப் பார்த்துச் சொல்ல வேண்டும்.