மிதி ஏன் தாழ்ந்தது? – பாஸ்கல் விதி வழியே ஒரு பழுதாய்வு

பாஸ்கல் விதியை நடத்தும்போது, ஹைட்ராலிக் பிரேக் அதன் பயன்பாடு என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்த பிரேக் சரியாகப் பிடிக்காதபோது காரணத்தைக் கண்டறிவதையே நான் பாடமாக்கினேன். எடுத்துக்கொண்ட வண்டி, மேலைநாட்டினர் படுக்கை, சமையலறையுடன் பயணம் செய்யும் பழைய மோட்டார்ஹோம். வீட்டுச் சாமான்களின் எடையை எப்போதும் சுமக்கும்; மாதக்கணக்கில் ஓடாமலும் நிற்கும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் இருக்கும்.

சிக்கல்: மிதி வெகுதூரம் கீழே போன பிறகே பிரேக் பிடிக்கிறது.

செயல்பாடு

ஊசி நீக்கிய 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகளை மெல்லிய குழாயால் இணைத்து, குமிழியின்றி நீர் நிரப்பவும். சிறியது மாஸ்டர் சிலிண்டர். பெரியது சக்கரத்தில் உள்ள சிலிண்டர். பெரிய உந்துதண்டின் முன் ஒரு செங்கல்லை வைக்கவும்.

1. செங்கல்லை ஒட்டி வைத்து, சிறிய உந்துதண்டை அழுத்துக. அது உடனே கடினமாகிறது.
2. 5 மி.மீ. தள்ளி வைத்து அழுத்துக. நெடுந்தூரம் சென்றே கடினமாகிறது.
3. செங்கல்லை மீண்டும் ஒட்டி வைத்து, குழாயில் காற்றுக்குமிழி விட்டு அழுத்துக. பஞ்சுபோல் அமுங்குகிறது.
4. குமிழியை நீக்கி, இணைப்பைச் சற்றுத் தளர்த்தி அழுத்திப் பிடிக்க. மெல்ல மெல்ல இறங்குகிறது.

வண்டியில் பொருத்திப் பார்த்தல்

விரைந்து இரண்டாம் முறை மிதித்தால் மிதி உயர்ந்து கடினமாக நின்றால், டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. அழுத்திப் பிடிக்கும்போதே இறங்கினால் கசிவு. வெளியே ஈரமில்லை, பிரேக் ஆயிலும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் உள்ளுக்குள்ளேயே ஆயிலைப் பின்னோக்கி விடுகிறது எனக் கருதலாம்.

கணக்கு

பின்சக்கரங்களில் 4 உந்துதண்டுகள். ஒவ்வொன்றின் பரப்பு 3 செ.மீ². தேய்மானத்தால் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும் என்க. தேவைப்படும் கூடுதல் ஆயில் 4 × 3 × 0.1 = 1.2 செ.மீ³. மாஸ்டர் உந்துதண்டின் பரப்பு 5 செ.மீ² எனில், அது 0.24 செ.மீ. கூடுதலாக நகரும். மிதியின் நெம்புகோல் விகிதம் 5 எனில், மிதி 1.2 செ.மீ. தாழும். சக்கரத்தில் 1 மி.மீ., காலடியில் 12 மி.மீ.!

பழுது நீக்கும் வரிசை

இடைவெளியைத் தானே சரிசெய்யும் அமைப்பு, பல டிரம்களில் பின்னோக்கி ஓட்டி பிரேக் பிடிக்கும்போதுதான் இயங்கும். நெடுநாள் நின்ற வண்டியில் துருப்பிடித்து இறுகியும் போகும். மெக்கானிக் அதை விடுவித்து, ஷூ டிரம்மில் லேசாக உரசும் வரை திருகி, பிறகு சற்றுத் தளர்த்துவார். காற்று இருந்தால் மட்டும் காற்று நீக்குவார். சீல் கெட்டிருந்தால்தான் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும். சோதிக்காமல் அதை முதலில் மாற்றினால் பணம் போகும். மிதியோ தாழ்ந்தே இருக்கும். மலைச்சரிவில் அதன் விலை உயிர்.

உண்மையான வண்டியின் பிரேக்கில் மாணவர்கள் கைவைக்கக் கூடாது. சிரிஞ்சு மாதிரியே போதும்.

மதிப்பீடு

அ. நீர் பிடிக்க, காற்று அமுங்குவது ஏன்?
ஆ. மிதி தாழ்கிறது, ஆனால் கடினமாக நிற்கிறது. காற்று புகுந்தது காரணமாகுமா?
இ. மலைச்சரிவில் நெடுநேரம் பிரேக் பிடித்த பின் மட்டும் மிதி அமுங்குகிறது. ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறையும் என்பதைக் கொண்டு விளக்குக.

விடை எழுதும்போது, எந்தச் சோதனையால் அந்த முடிவுக்கு வந்தாய் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கே பாதி மதிப்பெண் தருகிறேன். தவறான விடை எழுதியவரும் எந்தப் படியில் வழிமாறினார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியும்.