தோட்டக் கேமராவுக்கு மாற்று மென்பொருள்

மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் கிணற்று மோட்டார், ஒயர் காவலுக்குக் கேமரா வாங்கும் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி தன் சர்வரை நிறுத்திவிட்டால், அதை நம்பியிருக்கும் கேமரா வெறும் கூடுதான். ஓப்பன்ஐபிசி, திங்கினோ ஆகிய திறந்தமூல மென்பொருள்களில் ஒன்றை ஏற்றினால், படம் வெளியூர் சர்வருக்குப் போகாமல் வீட்டு ரெக்கார்டருக்கே வரும். இவை இலவசம்.

ஆனால் எல்லாக் கேமராவும் ஏற்காது. விதைப் பையின் படத்தைவிட ரகச் சீட்டு முக்கியமாவதுபோல், இங்கே உள்ளிருக்கும் சிப்தான் முக்கியம். ஒரே மாடலிலேயே சிப் மாறி வருவதுண்டு! திங்கினோ, இன்ஜெனிக் சிப்புக்கு மட்டுமே பொருந்தும். ஓப்பன்ஐபிசி வேறு பல சிப்புகளையும் ஏற்கும். சிப், சென்சார், வைஃபை பகுதி, பிளாஷ் நினைவக அளவு ஆகியவற்றை அவற்றின் பட்டியலுடன் ஒப்பிடவும்.

பழைய மென்பொருளை நகலெடுத்த பிறகே புதியதை ஏற்றவும். தவறினால் கேமரா முடங்கலாம். ஒன்றில் சோதித்துப் பார்த்தபின் மற்றவற்றை வாங்குவது சிக்கனம்.