ஏறட்டும், விடுங்கள்!

எட்டு வயது மகன் என் மாமியார் வீட்டுக்குப் போனால் கொல்லைக் கொய்யா மரத்தை விட்டு இறங்குவதே இல்லை. விழுந்து கையை காலை உடைத்துக்கொள்வானோ என்று பதறுகிறேன். தடுப்பதா, விடுவதா?
– வாசகி, கும்பகோணம்

விடுங்கள். அதற்கு முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் மின்கம்பி போகிறதா, அடியில் கிணறோ துவைக்கிற கல்லோ இருக்கிறதா, பட்டுப்போன கிளை உண்டா? இவை பிள்ளையின் கண்ணுக்குப் படாத ஆபத்துகள். கவனிக்க வேண்டியது நீங்கள். எவ்வளவு உயரம் போகலாம் என்று கணிப்பது அவன் வேலை.

தூக்கி மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறுகிற பிள்ளை தன்னால் முடிகிற உயரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு கை, இரண்டு காலில் குறைந்தது மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும், புதுக் கிளையை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடையைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கொய்யாப் பட்டை வழவழப்பானது. மழை நாளில் ஏற்றம் கிடையாது. முருங்கைக்கு எந்த நாளும் தடை. சட்டென ஒடிந்துவிடும்.

கீழே நின்று “டேய், விழுந்துடப் போற!” என்று கத்தினால் அவன் கவனம் கிளையை விட்டு உங்களிடம் வந்துவிடும். “அடுத்த காலை எங்கடா வைக்கப் போற?” என்று கேளுங்கள். யோசிப்பான்.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப்போகும் துணிச்சல் விளையாட்டுகளை 6 வகையாகப் பிரித்தார். உயரம் அதில் ஒன்று. ஆகவே உங்கள் மகன் ஊரில் இல்லாத பிள்ளை இல்லை.

சிராய்ப்பு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திட்டை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். பழம் பறித்தால் உங்கள் பங்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!