திருவாரூர் வட்டாரத்து நெல் வேளாண்மை

திருவாரூர் சோழர் காலந்தொட்டுப் புகழ்பெற்ற ஊராகும். ஓடம்போக்கி ஆறு இவ்வூர் வழியே செல்கின்றது. காவிரிப் பாசனத்தின் கடைப்பகுதியாதலால், இங்கே நீர் தாமதமாய் வரும். மழைநீரும் தாமதமாகவே வடியும்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அணைநீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் உரிய காலத்தில் வரின் குறுவையும், அதன்பின் தாளடியும் பயிரிடலாம். தாமதிப்பின் நீண்ட வயதுடைய சம்பா ஒன்றே தகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் தூர்ந்திருப்பின் இளம்பயிர் அழுகும். கீழ்வயலில் அடைப்பிருப்பின் மேல்வயலும் மூழ்குமாதலால், ஒருவர் தம் வயலோரத்தை மட்டும் வெட்டுவதால் பயனில்லை. இதனை உணர்ந்தே முன்னோர் குடிமராமத்து முறையில் ஊர்கூடி வாய்க்கால் வெட்டினர்.

ஆதலின் சங்க அங்கத்தினர்கள் கோடையிலேயே ஒன்றுகூடி வடிகாலைத் தூர்வாருதலும், குறுவை விதையோடு சம்பா விதையையும் சேகரித்து வைத்தலும் நலம்.